பாதயாத்திரையில் பாதி வழியில் சேர்வது: பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் வரை

தைப்பூசத்துக்காக ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருச்செந்தூருக்கு நடந்து வரும் நண்பர்களோடு, பாளையங்கோட்டையில் குடியிருக்கும் நீங்களும் வழியில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயது 42, நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலை, கிடைக்கும் விடுப்பு இரண்டு நாள், பூசத்துக்கு இன்னும் ஆறு வாரம். பாளையங்கோட்டையிலேயே சேர்வதா, கடைசிப் பகுதிக்கு மட்டும் குரும்பூரில் சேர்வதா என்பது முதல் கேள்வி. அவர்களுக்குச் சுமையாகிவிடுவோமோ என்பது இரண்டாவது. பாதி வழியில் சேர்ந்தால் அது யாத்திரைக் கணக்கில் வராது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்தச் சாலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையிலேயே சேருங்கள், ஆனால் காலையில் சாலையில் போய்ச் சேராமல், முந்தின இரவு அவர்கள் தங்கும் இடத்துக்கே போய்ச் சேருங்கள். குரும்பூர் வேண்டாம். அங்கிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான் என்பது உண்மை. ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது ஐந்து நாள் நடந்த மனிதர்கள் தமக்குள் ஒடுங்கியிருப்பார்கள். வேண்டுதல் வைத்தவர் வேண்டுதலை நினைத்துக்கொண்டிருப்பார், கால் வலிப்பவர் காலை நினைத்துக்கொண்டிருப்பார், பேச்சு நின்றுபோயிருக்கும். பல ஊர்க் குழுக்களும் ஒன்றாகக் கலக்கும் அந்தக் கூட்டத்தில் உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அப்போது போய்ச் சேர்வது கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போவதைப் போன்றது.

பெரியவர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. திருச்செந்தூர் பாதயாத்திரைக்கு இன்ன இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று எவரும் கல் நட்டு வைக்கவில்லை. தென்காசிக்காரர் தென்காசியிலிருந்து நடக்கிறார், நாகர்கோவில்காரர் நாகர்கோவிலிலிருந்து நடக்கிறார், ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒரே இரவில் நடந்து முடித்துவிடுகிறார். அவருடைய காவடியை யாரும் குறைவாக மதிப்பதில்லை. அவரவர் வீட்டு வாசலிலிருந்து புறப்படுவதுதான் வழக்கம். உங்கள் வாசல் பாளையங்கோட்டையில் இருக்கிறது.

இனி, சுமையாகிவிடுவோமா என்பது. இதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். தேவர்குளம், மானூர் தாண்டி வருவதற்குள் உங்கள் நண்பர்கள் மூன்று நாள் நடந்திருப்பார்கள். பழக்கமில்லாத உழைப்பினால் வரும் தசைவலி 24 மணி நேரத்துக்குப் பிறகு வளர்ந்து, 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கும். ஆகவே அவர்கள் அந்த உச்சத்தைக் கடந்தோ, கடக்கும் நிலையிலோ பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வார்கள். கொப்புளம் வர வேண்டியவர்களுக்கு வந்து, உடைந்து, கட்டுப் போட்டாகியிருக்கும். எவர் முன்னால் நடப்பார், எவர் பின்தங்குவார், எவர் எத்தனை மணிக்குத் தேநீர் கேட்பார் என்பதெல்லாம் குழுவுக்குள் படிந்திருக்கும். அந்த இடத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த, வலி எதுவும் அறியாத காலோடு நீங்கள் போய் நிற்பீர்கள். அது உங்களுக்கு முதல் நாள், அவர்களுக்கு நாலாம் நாள். முதல் இரண்டு மணி நேரம் நீங்கள் அவர்களைவிட வேகமாக நடப்பீர்கள். பத்தாவது கிலோமீட்டருக்கு மேல் அவர்கள் அதே வேகத்தில் வந்துகொண்டிருப்பார்கள், நீங்கள் உட்கார இடம் தேடுவீர்கள்.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். முதன்முறை நான் சேர்ந்தது கருங்குளத்தில், காலை எட்டு மணிக்கு, பேருந்திலிருந்து இறங்கி. புதிதாக வாங்கிய ஷூ, தோளில் ஆறு கிலோ பை, வாயில் ஓயாத பேச்சு. குழுவில் மூத்தவரான ஓர் அண்ணாச்சி, “மெதுவா வாங்க தம்பி, முருகன் எங்கேயும் போயிட மாட்டார்” என்று இரண்டு முறை சொன்னார், நான் கேட்கவில்லை. ஆழ்வார்திருநகரி வருவதற்குள் இரு குதிகாலிலும் தோல் வழன்றுவிட்டது. எனக்காகப் பதினெட்டுப் பேர் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. அங்கிருந்து பேருந்தில் ஏறித் திருச்செந்தூருக்குப் போய், அவர்கள் வரும்வரை கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே இந்த ஆறு வாரத்தைப் பயன்படுத்துங்கள். வேறு எந்த மைதானத்தையும் சுற்ற வேண்டாம். யாத்திரைச் சாலையிலேயே நடந்து பழகுவது உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டுக் கிருஷ்ணாபுரம் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நடந்து போங்கள். அங்கே வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலத்துச் சிற்பங்களை, குறிப்பாக இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்புங்கள். யாத்திரையின்போது அந்தக் கோயிலை நீங்கள் இருட்டில் கடந்துவிடுவீர்கள், பார்க்க வாய்க்காது. இரண்டு வாரம் கழித்துச் செய்துங்கநல்லூர் வரை நீட்டுங்கள். அது 13 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நாலாவது வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரு நாளும் அடுத்தடுத்து நடக்க வேண்டும். முதல் நாள் 15 கிலோமீட்டர் நடப்பது பெரிய காரியமில்லை; மறுநாள் காலையில் எழுந்து அதே காலோடு மறுபடி 12 நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடிந்தால் பாளையங்கோட்டையில் சேருங்கள். முடியாவிட்டால், பாளையங்கோட்டையிலிருந்து அவர்கள் புறப்படும் நாளின் மாலையில் புதுக்குடிக்கு வரும்போது அங்கே சேருங்கள்; அதற்கு மேல் நடக்கப் பாதிக்கும் அதிகமான வழி மிச்சமிருக்கிறது.

பயிற்சியின்போது எந்தச் செருப்பு அல்லது ஷூ அணிந்தீர்களோ அதையேதான் யாத்திரையிலும் அணிய வேண்டும். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் பலர் இருப்பார்கள். அது அவர்களுடைய வேண்டுதல், பழக்கமும் கூட. முதல்முறை வருபவர் அதைப் பார்த்து ஆசைப்படுவது புத்திசாலித்தனமில்லை. தை மாதம் குளிர்ச்சியானது என்று சொல்வோம், ஆனால் பகல் பதினொரு மணிக்கு மேல் தார்ச்சாலை நம் ஊரில் எந்த மாதத்திலும் தார்ச்சாலைதான்.

வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கே ஓய்வெடுப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து கோயில்வரை ஏறத்தாழ 54 கிலோமீட்டர். அதிகாலை இரண்டரை, மூன்று மணிக்குப் புறப்பட்டால், வறண்ட முதல் பகுதியை இருட்டிலேயே தாண்டி, எட்டு மணியளவில் செய்துங்கநல்லூரையோ கருங்குளத்தையோ அடைந்துவிடலாம். கருங்குளத்துக்கு அப்பால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு சாலையோரமாகவே வரும். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் முதலில் தோண்டிப் பார்த்த, பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்த அந்த முதுமக்கள் தாழிக்காடு, நண்பகலில் நடப்பவருக்கு நிழலே இல்லாத ஒரு செம்மண் மேடு. ஆகவே வெயிலுக்கு முன்பே அதைத் தாண்டுங்கள், அல்லது கருங்குளத்திலேயே பகல் முழுவதும் படுத்திருந்து மாலையில் தாண்டுங்கள். குழுவை நடத்தும் குருசாமி எதைச் சொல்கிறாரோ அது. புதுக்குடியை நெருங்கும்போது தாமிரபரணிப் பாசனம் தொடங்கிவிடும். வாழையும் நெல்லுமாகக் காற்றே மாறிவிடும். ஆற்றுக்கு வடகரையில் ஸ்ரீவைகுண்டம் ஊர், தென்கரையில் நீங்கள் நடக்கும் சாலையும் ரயில் நிலையமும். அங்கிருந்து நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அடுத்துத் தென்திருப்பேரை, பிறகு கடம்பாகுளத்துப் பக்கம், குரும்பூர், திருச்செந்தூர். வயல்வெளிப் பகுதியில் இரவுப்பனி நன்றாக இறங்கும், தலைக்கு ஒரு துண்டு வேண்டும். பகல் வெயிலை மட்டும் நினைத்துப் பையை அடுக்குகிறவர்கள் விடியற்காலையில் நடுங்குவார்கள்.

நிலவை நம்பாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது, ஆகவே வழியெல்லாம் நிலா இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பூசத்துக்கு முந்தைய நாட்களில் வளர்பிறை நிலா முன்னிரவில்தான் உச்சியில் இருக்கும். நீங்கள் புறப்படும் பின்னிரவில் மேற்கே இறங்கி, விடியுமுன் மறைந்துவிடும். சாலையில் மிகவும் இருட்டான நேரம் அதுதான், லாரி ஓட்டுநருக்குத் தூக்கம் சொக்குகிற நேரமும் அதுதான். ஆகவே டார்ச் கையில் இருக்க வேண்டும், முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பச்சை வேட்டி இருட்டில் கறுப்பாகத்தான் தெரியும்.

சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தச் சாலையில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் தென்கிழக்காக நடக்கிறீர்கள். காலை ஏழு மணிக்குச் சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கும்போது, உங்களுக்குப் பின்னாலிருந்து திருச்செந்தூர் நோக்கி வரும் ஓட்டுநரின் கண்ணும் கூசும். இடப்பக்கம் நடந்தால் அவர் உங்களைப் பார்க்காமலே போகக்கூடும். வலப்பக்கம் நடந்தால் எதிரே வருபவருக்குச் சூரியன் முதுகில் இருக்கும், உங்களைத் தெளிவாகப் பார்ப்பார். மாலை ஐந்து மணிக்கு மேல் இது தலைகீழாகிவிடும். அப்போது வலப்பக்கமே நடந்தாலும் தாரை விட்டு மண்ணில் இறங்கி நடங்கள். கும்பலாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போகும்போது இது எவருக்கும் நினைவிருக்காது. புதிதாக வந்தவர் நீங்கள், உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

இனி, கால்களைப் பற்றி. கொப்புளம் வருவது உராய்வு, ஈரம், சூடு ஆகிய மூன்றும் சேரும்போது. புறப்படுமுன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஓய்விலும் காலுறையைக் கழற்றிக் காலை உலரவிடுங்கள், காய்ந்த காலுறை இரண்டு இணை பையில் இருக்கட்டும். ஓரிடம் சுடுவதுபோலத் தோன்றியவுடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடுத்த ஊரில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள். வந்துவிட்ட கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இந்த நடையில் இறங்கவே வேண்டாம், இறங்கினால் காலை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணால் பார்த்துச் சோதியுங்கள், சட்டைப்பையில் கற்கண்டோ சர்க்கரையோ வைத்திருங்கள்.

வழியில் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நிறைய இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. நீர்மோர், உப்புப் போட்ட கஞ்சி, ஓ.ஆர்.எஸ். பொடி கலந்த தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். கொடுக்கிறார்களே என்று எல்லாப் பந்தலிலும் சாப்பிடுவது இன்னொரு தவறு. வயிறு நிறைந்தவருக்கு நடை வராது. வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதை நான் ஆதரிப்பதில்லை. உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடும். தவிர, வலி தெரியாமல் நடப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரியாமல் நடப்பார்.

அடுத்தது குழுவோடு பழகும் முறை. உங்களை அழைத்தவர் நண்பராக இருக்கலாம். ஆனால் குழுவை நடத்துபவர் குருசாமி. நண்பரை விட்டு அவரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி கேட்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே பேசுங்கள். விரதம் எத்தனை நாள், மாலை அணிய வேண்டுமா, பச்சை உடுத்த வேண்டுமா என்பது குழுவுக்குக் குழு மாறும். சமையல் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பங்குப்பணம் போட்டிருப்பார்கள். இரண்டு நாள்தானே என்று அவர்கள் உங்களிடம் வாங்க மறுப்பார்கள், உண்டியலிலாவது போட்டுவிடுங்கள். சப்பர வண்டியைத் தள்ளும் முறை வரும்போது கேட்காமலே போய்க் கை வையுங்கள். உங்கள் பையை வண்டியில் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், அவர்களாகவே சொன்னால் ஏற்றுங்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடை வைத்தால் அது உங்கள் தவறு.

திருநெல்வேலியில் சேர்பவர் அல்வாப் பொட்டலத்தோடு வருவது எழுதப்படாத சட்டம்போல ஆகிவிட்டது. நெய் வழியும் அல்வாவை, நாலாம் நாள் நடையில் இருப்பவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஊர் திரும்பும்போது கொடுத்து அனுப்பலாம். அன்றிரவு அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு. இரண்டு வாளி வெந்நீரும் கல்லுப்பும், ஒரு கட்டுப் பஞ்சு, பிளாஸ்டர், கைபேசிக்கு மின்னேற்றப் பல முனை கொண்ட ஒரு பலகை, துவைத்துக் காய்ந்த துண்டுகள். உள்ளூர்க்காரரான உங்களுக்கு இவை எளிது. இதைச் செய்துவிட்டால், மறுநாள் உங்களுக்காக அவர்கள் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தாலும் மனத்தில் சுமையாக இருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, அவர்கள் சொல்லும் கணக்கில் மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். “மானூர் வந்துட்டோம்” என்று ஒருவர் சொல்லும்போது, முதல் ஆள் மானூரில் இருப்பார், கடைசி ஆள் நாலு கிலோமீட்டர் பின்னால் இருப்பார். இரவே தங்குமிடத்தில் போய்ச் சேரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சாலையில் நின்று கைபேசியில் வரைபடம் பார்த்துக் காத்திருப்பவர் நடக்குமுன்னே களைத்துவிடுவார்.

சேரும் இடத்தைவிட, விட்டுப் பிரியும் இடத்தை முன்கூட்டித் தீர்மானிப்பது முக்கியம் என்பது என் கருத்து. நல்வாய்ப்பாக இந்தச் சாலைக்கு அருகிலேயே திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில்பாதை ஓடுகிறது. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய நிலையங்கள் சாலைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. அதன் பிறகு பாதை நாசரேத் வழியாக வளைந்து போய்க் குரும்பூரில் மீண்டும் நெருங்குகிறது. வண்டிகள் ஒரு நாளில் சிலவே என்பதால் நேரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து அடிக்கடி உண்டு, ஆனால் பூசத்துக்கு முந்தின நாள் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது. கருங்குளத்தில் உட்கார்ந்து உங்கள் காலை நேர்மையாகப் பாருங்கள். கால் சரியில்லை என்றால் குருசாமியிடம் சொல்லிவிட்டு, செய்துங்கநல்லூருக்குத் திரும்பி ரயிலேறி ஆழ்வார்திருநகரியில் இறங்கிக் காத்திருங்கள், மாலையில் அவர்களோடு மீண்டும் சேரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆழ்வார்திருநகரி வரை இழுத்துக்கொண்டு போய் அங்கே விழுந்த என்னைப்போல ஆக வேண்டாம். சொல்லாமல் மட்டும் பிரியாதீர்கள். ஓர் ஆளைக் காணோம் என்றால் குழு முழுவதும் திரும்பி நடக்கும்.

திருச்செந்தூரை அடைந்தவுடன் நடை முடிந்துவிடும், நிற்பது தொடங்கும். பூசத்தன்று தரிசன வரிசையில் பல மணி நேரம் ஆகலாம். நடந்து வந்த காலுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கொடியது. வரிசையில் குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருங்கள், உட்கார இடம் கிடைத்தால் உட்காருங்கள். கடலில் நீராடும்போது உடைந்த கொப்புளத்தில் உப்புநீர் பட்டுக் கண்ணில் நீர் வரும். பிறகு நாழிக்கிணற்றின் நன்னீரில் குளிக்கும்போது அது அடங்கும்.

விடுப்பைப் பற்றி ஒன்று. முன்பு சொன்ன 72 மணி நேரக் கணக்கை உங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் வலி உச்சத்துக்கு வருவது திருச்செந்தூரில் இல்லை, நீங்கள் அலுவலகத்துக்குத் திரும்பும் நாளில். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். நண்பர்கள் திரும்பிப் போகும் வேன் திருநெல்வேலி வழியாகத்தான் போகும், ஆனால் அதில் வந்தவர்களுக்கு மட்டுமே இருக்கை கணக்கிட்டிருப்பார்கள். உங்களுக்கு ஓர் இடம் உண்டா என்பதைப் பாளையங்கோட்டையில் சேரும் அன்றிரவே கேட்டுவிடுங்கள்.